பச்சைத் தண்ணீர் ஆகாத டிரைவர்

“கடல் பச்சையா, நீலமா தம்பி?”

கிளாரன்ஸ் அண்ணன் இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதினேழு வயதுவரை பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவன் நான். கடல் என்று நான் பார்த்ததெல்லாம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துச் சேற்றுத் தண்ணீர்தான். அது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. ஆறிப்போன டீயின் நிறம். வாரத்தில் நான்கு நாள் அதே துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டிப் போய் வருகிற இஞ்சின் டிரைவர், இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.

கிளாரன்ஸ் அண்ணனை இப்போது பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயரால்தான் தெரியும். அந்தப் பெயர் அவருக்கு வரக் காரணம் நான். அதனால் இதை எழுத வேண்டியவனும் நானே.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து தண்டவாளம் போட வந்து, கிள்ளானுக்குப் போகும் பாதையில் காய்ச்சல் கண்டு இறந்தவர். மகன் பதினாலு வயதில், இஞ்சின்கள் வந்து நிற்கும் லோக்கோ செட்டில் சாம்பல் அள்ளச் சேர்ந்தார். எட்டு வருடம் சாம்பல், பன்னிரண்டு வருடம் பயர்மேனாக இஞ்சின் அடுப்புக்குக் கரி, பிறகுதான் டிரைவர். டிரைவர் ஆகிப் பதினோரு வருடமாகிவிட்டது. எங்கள் வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். உயரமான ஆள். வாயில் எப்போதும் சுருட்டு. பேசினால் இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல் உரக்கப் பேசுவார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான்.

மனைவி உர்சுலா அக்கா. பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கரியும் எண்ணெயும் ஏறிய துணிகளைத் துவைத்துத் துவைத்து அவருடைய விரல் நுனிகள் வெடித்திருக்கும். கல்யாணமான புதிதில் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தாராம்: டிரைவர் ஆனதும் கடற்கரையில் நல்ல ஓட்டலாகப் பார்த்து உன்னைக் கூட்டிப்போய் மூன்று நாள் வைப்பேன் என்று. டிரைவர் ஆனார். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வர ரயில் பாசும் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. பிறகு ஊரெங்கும் வேலை போகிற காலம் வந்தது. அந்தச் சமயத்தில் லீவு கேட்க யாருக்கும் தைரியமில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில்தான் அண்ணன் திடீரென்று அவசரப்பட ஆரம்பித்தார்.

நான் அப்போது ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார முடியாது. காலையில் செட் ஆபீஸ் வாசல், மதியம் தபாலாபீஸ், சாயங்காலம் மறுபடியும் செட். குவார்ட்டர்ஸில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணன் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று விளம்பரத் தாள்கள். முதல் வகுப்புப் பெட்டிகளில் துரைமார் விட்டுப் போனவற்றைப் பெட்டி கழுவுகிறவர்கள் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

“உக்காரு ஜெயராஜ். இதுல எது நல்லாருக்குன்னு படிச்சுச் சொல்லு. உங்க அக்கா காதுல விழுற மாதிரி படி.”

ஒன்று பினாங்கில் ஹேசல்மியர் என்ற ஓட்டல். நடனக் கூடம், இசைக் குழு எல்லாம் உண்டு. இரண்டாவது மோரிப் கடற்கரையில் அரசாங்கத்து விடுதி. மூன்றாவது போர்ட்டிக்சனில் மார்ஷ்டன் ஹவுஸ். ஒவ்வோர் அறைக்கும் கடலைப் பார்த்த வராந்தா, மின்விசிறி, விடியற்காலையில் அறைக்கே வரும் டீ, சவுக்குத் தோப்பு. எல்லா இனத்தாரும் வரலாம் என்றும் அதில் அச்சடித்திருந்தது.

பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா சொளகோடு வந்து நின்றுகொண்டிருந்தார். “ஓட்டல்ல போயி மூணு நாளு தங்கப் போறீங்களா? எங்க படுப்பீங்க, பெஞ்சிலயா?”

“இது தோசை ஓட்டல் இல்லக்கா,” என்றார் உர்சுலா அக்கா. “கட்டில் மெத்தை எல்லாம் இருக்கும்.”

“அப்ப தோசை கிடைக்காதா? என்னா ஓட்டலு அது!”

எல்லோரும் சிரித்தோம். உர்சுலா அக்கா சிரித்து முடித்து, “எனக்கு டான்சு வேணாம், பேண்டு வேணாம்,” என்றார். “வேற யாரோ போட்ட டீயை, கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்து குடிக்கணும். குடிச்ச கோப்பையை நான் கழுவக் கூடாது. அவ்வளவுதான்.”

அவர் சமையல்கட்டுக்குப் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. “ஏங்க, நேத்து பாசார்ல பச்சை மிளகாய்தானே கேட்டேன்? எல்லாம் பழுத்ததா பொறுக்கிக்கிட்டு வந்திருக்கீங்க. கடைக்காரன் உங்களை ஏமாத்துறான்.”

அண்ணன் போர்ட்டிக்சன் தாளைக் கையில் எடுத்தார். அதில் மட்டும் வண்ணப்படம் இருந்தது: வெள்ளைக் கட்டடம், சிவப்பு ஓட்டுக் கூரை, முன்னால் புல்தரை, அப்பால் கடல்.

“என்னடா இது, கூரையும் புல்லும் ஒரே நிறத்துல வச்சிருக்கான்?” என்றார்.

“இல்லண்ணே. கூரை சிவப்பு. புல்லு பச்சை.”

அண்ணன் தாளைக் கீழே வைத்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகுதான் முதன்முதலாக அவர் மெல்லப் பேசிக் கேட்டேன்.

“கடல் பச்சையா, நீலமா தம்பி?”

கொஞ்ச நேரம் கழித்து மற்றதையும் சொன்னார். ஏழு எட்டு மாதமாகவே இப்படியாம். முதலில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிட்டன. பகலில் கைகாட்டி மரத்தின் கை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ஓட்டிவிடலாம், நிறம் வேண்டியதில்லை. இருட்டினால் விளக்குத்தான், அதனால் ராத்திரி வண்டிகளை ஏதேதோ சாக்குச் சொல்லி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆட்கள் காட்டுகிற கொடிகள்தான் பிரச்சினை. அவற்றைப் பயர்மேன் நாகையா பார்த்துச் சொல்லிவிடுவான். டிசம்பரில் கண் பரிசோதனை வரும். அதில் தேறாவிட்டால் இஞ்சினைவிட்டு இறக்கிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், பாசும் போகும்.

“அதுக்கு முன்னாடி ஒரு தடவை டிரைவராவே அவளைக் கூட்டிட்டுப் போயி வந்துடணும். அவளுக்குத் தெரியாது. நாகையாவுக்கும் உனக்கும்தான் தெரியும். மாதா மேல ஆணை, வாயைத் திறக்காதே.”

ஆணையிட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கே மூன்று கடிதம் எழுதினோம். இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் வெளியே வந்தது. குவார்ட்டர்ஸ் நம்பரைப் போட்டால் பெரிய ஓட்டல்காரன் மதிக்க மாட்டான், லோக்கோ செட் விலாசம் போடலாம், ‘இஞ்சின் டிரைவர்’ என்றும் பெயருக்குக் கீழே எழுதலாம் என்று சொன்னது நான். அண்ணனுக்கு அது பிடித்தது. அவர் சொன்னது ஒரே ஒரு நிபந்தனைதான்.

“குளிக்கச் சுடுதண்ணி தருவானான்னு கேளு. இருபது வருசம் நெருப்பு முன்னாடி நின்ன ஒடம்பு. பச்சைத் தண்ணி ஆகாது. ஒரு செம்பு ஊத்தினா நெஞ்சு கட்டிக்கும். பச்சைத் தண்ணி சுத்தமா ஆகாதுன்னு அழுத்தி எழுது.”

தமிழில் பச்சைத் தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சாத தண்ணீர். இங்கிலீஷில் ‘கோல்டு வாட்டர்’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் அது ஐஸ் போட்ட தண்ணீர் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் அதைச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். ‘கிரீன்’ என்ற சொல்லுக்கு எதிரே பசுமை, பழுக்காதது, உலராதது, பக்குவப்படாதது என்று வரிசையாகப் பொருள் இருந்தது. இங்கிலீஷ்காரனும் நம்மைப்போலவே நினைத்திருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ‘கிரீன் வாட்டர் எனக்கு எந்த வகையிலும் ஒத்துக்கொள்வதில்லை, தங்கள் ஓட்டலில் எனக்குக் கிரீன் வாட்டர் தரப்படாது என்று உறுதி கூற வேண்டுகிறேன்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, ‘எந்த வகையிலும்’ என்பதன் கீழே கோடும் போட்டேன்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் தமிழில் திருப்பிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பினாங்கிலிருந்து பதிலே வரவில்லை. மோரிப்பிலிருந்து வந்த பதிலில், குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட உத்தியோகஸ்தர்களுக்கே அறை என்று இருந்தது. உர்சுலா அக்கா, “போகட்டும், நமக்கு அந்தச் சவுக்குத் தோப்பு ஓட்டல்தான் விதிச்சிருக்கு,” என்றார். லீவு மனு போய்ப் பாசும் கைக்கு வந்துவிட்டது. ஒரு பெட்டி புதிதாக வாங்கினார்கள். அக்கா ஒரு வெள்ளை ரவிக்கை தைத்து, அதை மடித்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். மார்ஷ்டன் ஹவுஸ் பதிலுக்காகக் காத்திருந்தோம்.

அந்தப் பதில் வந்த காலையில் நான் செட் ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய கிராணிக்கு, அதாவது தலைமை எழுத்தருக்கு, கீழே ஒரு எழுத்து வேலை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு மூன்றாவது நாளாக வந்திருந்தேன். பெரிய கிராணி யூரேசியர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்களோடு மலாயிலும் படித்தவர்களோடு இங்கிலீஷிலும் பேசுவார். செட் விலாசத்துக்கு வரும் எல்லாத் தபாலையும் அவர்தான் பிரிப்பார். அது வழக்கம். மோரிப் பதிலும் அவர் பிரித்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்திருக்கும். அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்தார். மார்ஷ்டன் ஹவுஸ் மேனேஜர் எழுதியிருந்தது இது: “எங்கள் குளியலறைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவானது. இதுவரை எந்த விருந்தாளியும் அதைப் பச்சையாகக் கண்டதில்லை. திரு. கிளாரன்ஸுக்கு அது பச்சையாகத் தெரிந்தால், அடுத்த ரயிலை ஓட்டுவதற்கு முன் அவர் தம் கண்களைச் சோதித்துக்கொள்வது நல்லது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கடலைப் பார்த்த அறை ஒன்று அவருக்காக வைக்கப்பட்டுள்ளது.”

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

கிராணி என் பக்கம் திரும்பி, அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது நீதானே என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன். “கிரீன் வாட்டர் என்றால் என்ன?”

அதுதான் சமயம். அது தமிழ் வழக்கு ஐயா, குளிர்ந்த தண்ணீரைச் சொல்கிறோம், நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மொத்தச் சிரிப்பும் என்மேல் திரும்பியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை கேட்டு மூன்று நாளாக நிற்கிறவன் நான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நின்றேன்.

அப்போது செட் துரை உள்ளே வந்தார். கிராணி அவருக்கும் படித்துக் காட்டினார். துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிளாரன்ஸுக்குக் கண் பரிசோதனை எப்போது என்று கேட்டார். டிசம்பரில் என்றார் கிராணி. துரை சிறிது நேரம் மேசையை விரலால் தட்டினார். ராத்திரி வண்டியே வேண்டாமென்று இந்த ஆள் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டார்.

“டிசம்பர் வரை வேண்டாம். வெள்ளிக்கிழமையே அனுப்புங்கள்,” என்றார்.

டாக்டர் ஒரு தட்டு நிறையக் கம்பளி நூல் சிட்டங்களைக் கொட்டி, ஒன்றை எடுத்துக் காட்டி, இதுபோன்ற பச்சை எல்லாவற்றையும் எடு என்றாராம். அண்ணன் நிதானமாக எட்டுச் சிட்டங்களை எடுத்து வரிசையாக வைத்தார். அவற்றில் மூன்று சிவப்பு. சுருட்டுப் புகையிலையால் வந்த கோளாறு இது, அதை விட்டுவிட்டு நல்ல சாப்பாடாகச் சாப்பிட்டால் சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ரயில் காத்திருக்குமா? மறுநாளே இஞ்சினைவிட்டு இறக்கினார்கள். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது.

செட்டில் அதற்குள் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. ‘பச்சைத் தண்ணி டிரைவர்.’ குழாயடியில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்: “தண்ணி பச்சையா இருக்குடோய், ஓடு!”

எனக்கு எழுத்து வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. என் வருத்தம் வேறு. கண் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் எழுதிய கடிதத்தால் கண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஆணையிட்டுக் கொடுத்தவன் நைசாகக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்றுதானே அண்ணன் நினைப்பார்? வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டு வாசல்வரை இரண்டுமுறை போய்த் திரும்பிவிட்டேன்.

நாகையாவிடமாவது சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம் என்று செட்டுக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பிடித்தேன். நாகையா பயர்மேன், முப்பது வயது, வாய் ஓயாது சிரிக்கிறவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் எல்லாம் சொல்லி முடிக்கிறவரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“நீ தெரிஞ்சு செஞ்சியோ தெரியாம செஞ்சியோ, நல்லதுதான் செஞ்சே,” என்றார்.

“என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க?”

“போன மாசம் பத்து தீகா ஸ்டேசனுக்கு இந்தாண்ட, வளைவுல, ரயில் ரோட்டுக் கூலிங்க தண்டவாளத்தைக் கழட்டிப் போட்டுட்டு வேலை செய்றானுங்க. ஒருத்தன் செவப்புக் கொடியைத் தூக்கிட்டு நிக்கிறான். நான் குனிஞ்சு கரி அள்ளிக்கிட்டிருக்கேன். அண்ணே அவனுக்குக் கை காட்டிட்டுப் போறாரு, சிரிச்சுக்கிட்டே! பச்சைன்னு நெனைச்சுட்டாரு. நான் நிமிர்ந்து கத்தின கத்துல பிரேக்கைப் போட்டாரு. வண்டி நின்ன எடத்துக்கும் அந்த ஆளுங்களுக்கும் நடுவுல ஒரு லோரி நிக்கலாம், அவ்வளவுதான் எடம். அதுல ரெண்டு பொம்பளைங்க.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? எனக்குக் கரி வீசக் கத்துக் கொடுத்தவரு. என் கல்யாணத்துல எனக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னவரு. அன்னிலேருந்து நான் கரியைப் பாக்குறதா, கொடியைப் பாக்குறதா? தூக்கமே இல்ல தம்பி.” டீயை ஒரே மூச்சில் குடித்தார். “நான் சொன்னேன்னு சொல்லிடாதே.”

மனத்தைத் தேற்றிக்கொள்ளப் போனவன் இன்னும் குழம்பித் திரும்பினேன். என் பிழை ஒரு மனிதரின் வேலையைப் பறித்தது. அதே பிழை யாரோ சிலரின் உயிரைக் காத்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் கழிந்துபோகவில்லை. இரண்டும் அப்படியே இருந்தன. நானும்தான் கண் விஷயம் தெரிந்து, சத்தியம் செய்து, சும்மா இருந்தேன். அந்த வளைவில் நின்ற இரண்டு பெண்களை நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

பாஸ் மட்டும் அந்த மாதம் முடியும்வரை செல்லும். அண்ணன் அதைக் கிழித்துப்போடப் போனாராம். உர்சுலா அக்கா பிடுங்கிக்கொண்டார். அவர்கள் பேசியது சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது.

“அங்க போனா அந்த மேனேசர் என்னைப் பாத்துச் சிரிப்பான் உர்சுலா.”

“சிரிக்கட்டும். கண்ணு போச்சுன்னு எங்கிட்ட சொல்லாம ஏழு மாசம் ஏமாத்துனீங்களே, பழுத்த மொளகாயைக் கொண்டாந்து கொண்டாந்து கொடுத்தீங்களே, நான் உங்களைப் பாத்துச் சிரிச்சேனா? பெட்டியை எடுங்க. ரூமை எடுத்து வச்சிருக்கேன்னு அவன் எழுதியிருக்கான்ல?”

அவர்கள் போனார்கள். சிரம்பானில் மாறிப் போர்ட்டிக்சன் வண்டி ஏறி, மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே நடந்ததை உர்சுலா அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்றே அவருக்கு நினைவில்லை. ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறை தாளில் போட்டபடியே இருந்தது. வராந்தா, சவுக்குக் காற்று, கட்டிலில் மடித்து வைத்த வெள்ளைத் துண்டுகள். சாயங்காலம் குளியலறைக்குச் சுடுதண்ணீர் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். பெயர் பழனியப்பன், பக்கத்துத் தோட்டத்து ஆள். வாளியை வைத்துவிட்டு அண்ணனை உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, பச்சைத் தண்ணி ஆகாதுன்னு எழுதிப்போட்டது நீங்கதானா?”

அண்ணன் எழுந்துவிட்டார். இங்கேயும் வந்துவிட்டதா என்று அவருக்கு முகம் மாறிவிட்டதாம்.

பழனியப்பனுக்கு அது தெரியவில்லை. அவர்பாட்டுக்குச் சொன்னார்: “ஆபீஸ்ல அந்தக் கடுதாசியை வச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா சிரிச்சானுங்கண்ணே. கிரீன் வாட்டர், கிரீன் வாட்டர்னு. எனக்கு அவ்வளவா இங்கிலீசு வராது. ஆனா எனக்கு அப்பவே புரிஞ்சிபோச்சு, யாரோ நம்ம ஆளு நெஞ்சு சளிக்காரரு, சுடுதண்ணி கேக்குறாருன்னு. யாரோ நம்ம பள்ளிக்கூடத்துப் பையன் அப்படியே பேத்து எழுதிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தண்ணி தூக்குறவங்கிட்ட யாரு கேப்பா? நீங்க வருவீங்கன்னு இன்னிக்கு ரெண்டு வாளி சேத்தே காய வச்சேன்.”

அவர் போனபிறகு அண்ணன் வெகுநேரம் குளிக்கப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். “தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாவே ஆயிடுச்சு ஜெயராஜ்,” என்றார் அக்கா. “அதுலதான் குளிச்சாரு. மறுநா நெஞ்சு கட்டிக்கிச்சு.”

டீ எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நல்லா இல்ல. ஆனா கோப்பையைக் கழுவல.” பிறகு சொன்னார்: “போகும்போது வண்டியில சன்னல் பக்கமே உக்காந்திருந்தாரு. ஒவ்வொரு ஸ்டேசன்லயும் கார்டு கொடி காட்டுறப்ப அவரு கை தானா முட்டியைப் பிடிச்சுக்கும். ஓட்டுற மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து மெதுவா சொல்லிக்கிட்டே வந்தேன், ‘பச்சைங்க’, ‘பச்சைங்க’ன்னு. சிரம்பான் வரைக்கும்.”

மாதக் கடைசியில் ஒரு லோரி வந்தது. கிள்ளானில் அக்காவின் தம்பி வீட்டோரம் ஒரு அறை பார்த்திருந்தார்கள். அண்ணனுக்கு அங்கே தேங்காயெண்ணெய் மில்லில் பாய்லர் பார்க்கிற வேலை. அதில் நெருப்புத்தான், கொடி இல்லை. சாமான் ஏற்ற நானும் நாகையாவும் போனோம். வீரம்மா அக்கா ஒரு பாத்திரத்தில் தோசை கொண்டுவந்து, “உங்க ஓட்டல்ல கிடைக்காததுதானே, இந்தாங்க,” என்று சொல்லி அழுதார்.

எல்லாம் ஏற்றியானதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

“நீ கண்ணைப் பத்தி எழுதலை. தண்ணியைப் பத்தித்தான் எழுதினே. அது தெரிஞ்சிபோச்சு எனக்கு.”

அதோடு விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “அண்ணே, அன்னைக்கு ஆபீஸ்ல நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துரை வரைக்கும் போயிருக்காது. வேலை கிடைக்காம போயிடும்னு வாயைத் திறக்கல.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“சொல்லியிருந்தா டிசம்பர் வரைக்கும் ஓட்டியிருப்பேன்,” என்றார். லோரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார். “டிசம்பருக்குள்ள என்ன நடந்திருக்கும்னு நாகையாவைக் கேளு. அவன் பட்ட பயத்தை எங்கிட்ட சொல்லல. ஆனா அன்னிலேருந்து அவன் கரி அள்ளுறப்ப குனியறதே இல்ல. எனக்குத் தெரியாதா?”

நாகையா லோரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முன்னால் ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணன் தலையை வெளியே நீட்டினார். “ஜெயராஜ், அன்னைக்குக் கேட்டேனே, நீ பதில் சொல்லல. கடல் சாம்பல் நிறம்டா. எனக்கு. உங்க அக்கா பச்சைங்கிறா, கொஞ்சம் தள்ளிப் பாத்தா நீலங்கிறா. நீ போயிப் பாத்துட்டு ஒரு கடுதாசி போடு.” லோரி நகர்ந்தபோது உரக்கச் சொன்னார்: “தமிழ்லயே போடு!”

இது நடந்து எட்டு மாதமாகிறது. நான் இன்னும் கடலைப் பார்க்கவில்லை, கடிதமும் போடவில்லை. கடன் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இன்னும் அந்தப் பட்டப்பெயர் ஓடுகிறது. புதிதாக வந்தவர்கள்கூட, தண்ணீரைப் பச்சையென்று சொன்ன ஒரு கிறுக்கு டிரைவர் இருந்தாராம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். கிள்ளான் வரைக்கும், அந்த எண்ணெய் மில் வாசல் வரைக்கும் அது போய்விட்டதாம்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செட்டிலோ ஸ்டேஷனிலோ டீக்கடையிலோ யாராவது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். தண்ணீரைப் பச்சையென்று சொன்னது கிளாரன்ஸ் அண்ணன் அல்ல, எழுதியவன் நான். கொடி தெரியாமல் வண்டி ஓட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதியைச் சொன்னால் அவருக்கும் நியாயமில்லை, அந்த வளைவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கும் நியாயமில்லை. பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, கதையும் அவ்வளவு தூரம் போகட்டும்.